செம்புக் குடமும் வெள்ளை முயலும்

அறுபதுகளில், கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு முயல்களோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். வாளவரை விதையில் யூரியாவை உடைக்கும் நொதி இருக்கிறது. அதைச் சாம்பல் நிற முயலுக்கு ஊசியில் ஏற்றுவேன். அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டானதும் ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தை எடுப்பேன். அந்தச் சீரம் நொதியைக் கட்டிப்போட்டால் குழாயிலுள்ள சாயம் மஞ்சளாகவே நிற்கும். நொதி யூரியாவை உடைத்தால் சிவக்கும். ஊசியே போடாத வெள்ளை முயலின் சீரம் நொதியைத் தொடவே கூடாது.

ஒரு திங்கட்கிழமை பார்த்தால், வெள்ளை முயலின் குழாயும் மஞ்சள்! சீரம் விடாத குழாய் மட்டும் சிவந்திருந்தது. என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்கம்மணி, எந்த முயலோட சீரமும் இதையே செஞ்சா, அதை வெச்சு என்னத்தைங்க எழுதறது? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலீன்னா வேற தலைப்புப் பாத்துக்கலாமுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் இரண்டு வருடம்! அந்தக் கோபத்தையெல்லாம் வெள்ளை முயல்மேல் கொட்டினேன். "திங்க மட்டும் தெரியுதா உனக்கு?"

வியாழக்கிழமை காலை, சீரத்தில் கலக்கத் தண்ணீர் மொண்டபோது கை அப்படியே நின்றது. காய்ச்சி வடித்த நீர் வைக்கும் கண்ணாடி ஜாடி முந்தின வாரம் உடைந்துபோனதால், அம்மாவின் செம்புக் குடத்தை நான்தான் கொண்டுவந்திருந்தேன். நல்ல தண்ணீர் என்றால் எங்கள் வீட்டில் செம்புக் குடம்தான். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த பெருமை வேறு! செம்பு அந்த நொதிக்கு விஷம் என்று படித்தவளும் நான்தான். நொதியும் சாயமும் ஜாடி உடையும் முன்பே கரைத்து வைத்தவை. சீரம்தான் இல்லையே என்று, சீரமில்லாத குழாயில் குடத்துத் தண்ணீரை விடவேயில்லை; அது மட்டும் சிவந்தது அதனால்தானோ!

சீரமே இல்லாமல், நொதியும் சாயமும் உள்ள குழாயில் குடத்துத் தண்ணீரை மட்டும் விட்டேன். மஞ்சள்! அடிப்பாவி, நீ செய்த வேலையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

புதிதாக வடித்துக் கண்ணாடியில் பிடித்த நீரில் மறுபடி செய்தேன். சாம்பல் முயல், மஞ்சள். வெள்ளை முயல், நல்ல சிவப்பு. சீரம் வாளவரை நொதியை மட்டும்தான் கட்டுகிறதா என்று அறிய, முளைகட்டிய ராகியிலுள்ள வேறொரு நொதியோடும் சாம்பல் முயலின் சீரத்தைக் கலந்து பார்த்தேன், அதைச் சீண்டவேயில்லை. குழாய்த் தாங்கியோடு பேராசிரியரிடம் ஓடினேன்.

"செம்பை மறந்துபோட்டனுங்க சார்!"

அவர் சிரித்த சிரிப்பு வராந்தா முழுக்கக் கேட்டது. "தலைப்பு அதேதானுங்க. மொதல்ல குடத்தை ஊட்டுக்குக் கொண்டு போங்க."

நான் முதலில் போனது முயல் கூண்டுக்கு. மேட்டுப்பாளையத்துக் கேரட் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, "தப்பு எம்மேலதான் கண்ணு" என்றேன். வெள்ளை முயல் கேரட்டை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.