இரண்டு அளவில் ஒரு ஜோடி: ஆம்பூரில் ஒரு சனிக்கிழமை

அம்மாவின் இடது பாதம் வலதைவிடச் சிறியது. சற்று உள்வளைந்தும் இருக்கும். கடைச் செருப்பு எதுவும் ஒரு காலுக்குத்தான் சேரும். வயதாக ஆக, வெளியே போவதையே விட்டுவிட்டார். ஆம்பூரில் நசீமா என்பவர் காலுக்கேற்பக் காலணி செய்வதாகத் தோழி சொன்னாள். போன மாதம் போய் அளவு கொடுத்தோம். இந்த மார்கழியில், போட்டுப் பார்க்க மறுபடி கிளம்பினோம்.

சென்னை சென்ட்ரலில் காலை ஏழு நாற்பதுக்கு ரயில். நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம். காட்பாடி தாண்டியதும் பனிக்குள் மலைகள் மிதந்து வந்தன. அம்மா ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பத்து இருபதுக்கு ஆம்பூர். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

நசீமா பதினோரு வருடம் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத் தோலை மட்டும் தைத்தவர். தான் தைத்த ஷூ முழுசாகி நின்றதைப் பார்த்ததே இல்லையாம். இப்போது வீட்டு முன்னறையில் சொந்தத் தொழில். கூட இரண்டு பெண்கள்.

அம்மா புதுக் காலணியில் நாலு அடி வைத்தார். முகம் லேசாகச் சுருங்கியது.

"நல்லாதாம்மா இருக்கு," என்றார் நசீமாவிடம்.

நசீமா தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்தார். "எங்க கடிக்குது?"

"கொஞ்சந்தான். பழகிடும்."

"பழகிடும்னு சொல்லாதீங்கம்மா. கம்பெனில பதினோரு வருஷம் அதையேதான் சொல்லிக்கினு இருந்தேன். கழட்டுங்க."

ஒரே இழுப்பில் தையலைப் பிரித்தார். எனக்குத்தான் பகீரென்றது.

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தோல் வாசனை, மெஷின் சத்தம், தொலைவில் மசூதியின் பாங்கொலி, தரையில் மெல்ல நகரும் வெயில். விழித்திருந்தேனா தூங்கினேனா என்று தெரியவில்லை. கண் திறந்தபோது அம்மா திருத்தித் தைத்த காலணியோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார். குனிந்து காலைப் பார்க்கவில்லை. தெருமுனையும் தாண்டிவிட்டார்.

பதறி எழுந்தேன்.

"இன்னாத்துக்கு ஓடுறீங்க? அவங்களே வருவாங்க, உக்காருங்க," என்றார் நசீமா. அவர் பார்வையும் தெருமுனையில்தான் இருந்தது.

கால் மணி நேரம் கழித்து அம்மா திரும்பினார், கையில் ஒரு முழம் மல்லிகையோடு. பாதியைக் கிள்ளி நசீமாவிடம் நீட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜோடி இரண்டாயிரத்து இருநூறு. அளவுக்கு ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை என்று இரண்டு பயணம் ஆகும். வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்களுக்கு மூன்றாவது பயணமும் இருக்கிறது. சிவப்பில் ஒரு ஜோடி வேண்டுமாம் அம்மாவுக்கு.