சித்தியின் பெயரை எழுதும் முறை

பினாங்கிலிருந்து சித்தப்பா தன் மகளை ராஜபாளையத்துக்குக் கூட்டிவந்தபோது எங்கள் தெருவே வாசலில் வந்து நின்றது. சித்தி சீனாக்காரி. மகளுக்கு நிறம் சித்தப்பாவுடையது, கண் சித்தியுடையது. என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அதுவரை வீட்டில் நான்தான் பெரியவள். சித்தியையும் அழைத்துவருகிறேன் என்று சித்தப்பா திரும்பக் கப்பலேறினார். பின்னாலேயே ஜப்பான்காரன் வந்து கடலை அடைத்துவிட்டான். அப்புறம் இருவரைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை.

தன் அம்மாவுடையது என்று அக்காவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு எழுத்து. சித்தியின் பெயரே சீனத்தில் அந்த ஓர் எழுத்துதான். தினமும் காலையில் முற்றத்து மண்ணை நிரவி, விரலால் அதை எழுதுவாள். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேலே புல் என்று அவள் சொல்லும் கோடுகள். அப்புறம் இடது கதவு, வலது கதவு. கடைசியாகக் கதவுக்கு உள்ளே சின்னச் சின்னக் கோடுகள். வரிசை தப்பினால் அவள் அம்மா கையில் தட்டுவாளாம்.

நானும் எழுதிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததோ தமிழும் கோலமும். இரண்டிலும் கையை எடுக்காமல் இழுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. புல்லையும் கதவையும் ஒரே இழுப்பில் இழுத்தேன். உள்ளே போவதற்குள் அக்கா அழித்துவிட்டாள்.

"கைய எடுத்து எடுத்து எழுது. ஒவ்வொண்ணா வரணும்" என்றாள்.

ஓர் எழுத்துக்கு இத்தனை கெடுபிடியா, போடி என்று நான் எழுந்துவிட்டேன்.

பிள்ளை ஏங்கிப் போய்விடக் கூடாது என்று என் அம்மாவுக்குக் கவலை. விடிந்ததும் அக்காவை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கோலப்பொடியைக் கையில் கொடுத்தாள். "ஏட்டி, கைய எடுக்காம இழு. எடுத்து எடுத்துப் போட்டா அது கோலமா, கிறுக்கலா?" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். அக்காவுக்கு நல்ல கைவாகு. நாலு மாதத்தில் என்னை மிஞ்சிவிட்டாள். "அவிய ஊர்ல இதெல்லாம் ஏது. எம்புட்டு அழகாப் போடுதா பாரு" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாத பெருமை. முற்றத்து எழுத்து வெள்ளிக்கு வெள்ளி என்றாகி, பிறகு நினைத்தபோது என்றானது. அதை நிறுத்தும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஆடித் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். ரதவீதி ஓரத்தில் ஒரு சீனாக்காரர் பட்டுத் துணி மூட்டையும் காகிதப் பூக்களுமாக உட்கார்ந்திருந்தார். அக்கா அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். அவள் சீனத்தில் என்னவோ கேட்டாள், அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. சீனத்தில் பேச்சு ஊருக்கு ஊர் வேறு, எழுத்து மட்டும் எல்லோருக்கும் ஒன்று என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

"செத்த நேரம் இருங்க பெரியம்மா. இவரு ஊரூராப் போறவரு. அம்மா பேரைக் காட்டினா எங்கயாச்சும் விசாரிச்சுச் சொல்லுவாரு" என்று தெருமண்ணை நிரவினாள். அவரும் குந்தி உட்கார்ந்தார்.

புல் வந்தது. இடது கதவு வந்தது, வலது கதவு வந்தது. கை நின்றுவிட்டது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரல் தானாக நகர்ந்து கதவுக்கு உள்ளே நாலு புள்ளி வைத்து, கையை எடுக்காமல் அவற்றைச் சுற்றி ஒரு இழை இழுத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்து, ஒரு காகிதப் பூவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது வண்டியில் அக்கா விம்மி விம்மி அழுதாள். வளையல் வாங்கித் தருகிறேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். செத்த நேரம் கழித்து அக்கா என் காதருகே வந்தாள்.

"ஏட்டி, கதவுக்கு உள்ள என்ன வரும்? நீயும்தான எழுதின?"

எனக்கு எங்கே தெரியும். நான் கதவைத் தாண்டியதே இல்லை. ஆனால் அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"புள்ளிதான்க்கா. நீ போட்டது சரிதான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பின் முற்றத்தில் அவள் மண்ணை நிரவி நான் பார்க்கவில்லை. அன்றைக்கு, அக்காவின் அழுகையை நிறுத்தியது நான்தான் என்று வழியெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.