கடல்முள் காப்பாற்றிய உப்பு

அது மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். ரந்தாவுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் புதுமணப்பெண். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டிலும் உப்பில்லை. உப்பில்லாத மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு செத்துப்போய், ஒருநாள் விடியும்போதே நானும் என் நாத்தனாரும் சட்டியும் கூடையுமாகக் கடலுக்கு நடந்தோம்.

கடல்நீரைக் காய்ச்சிக் காய்ச்சி ஒரு சின்ன மூட்டை உப்பு தேறியது. சட்டியைக் கழுவத் தண்ணீரில் இறங்கினேன். குதிகாலில் சுருக்கென்று ஏதோ ஏறியது. தூக்கிப் பார்த்தால், கறுப்பு ஊசிகள் ஒடிந்து நிற்கின்றன! விஷம்தான், செத்தேன் என்று நான் போட்ட கூச்சலில், சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் ஓடிவந்தார்.

"லண்டாக் லாவுட் லா!" என்று சிரித்தார். கடல் முள்ளம்பன்றியாம். என் காலை மடியில் வைத்துக்கொண்டு, சிரட்டையால் தட்டித் தட்டி முள்ளை நொறுக்கினார். தன் சோற்றுப் பொட்டலத்திலிருந்த எலுமிச்சையைப் பிழிந்துவிட்டார். பிறகு ஒரு முள்ளுருண்டையை உடைத்து, உள்ளேயிருந்த மஞ்சள் சுளையை என் வாயில் வைத்தார். வெண்ணெய் மாதிரி கரைந்தது! அழுகை எங்கே போனதோ தெரியவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோங்கள் என்று உப்பு மூட்டையின் மேல் இலை பரப்பிக் கூடை நிறைய அடுக்கிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஜப்பான் சிப்பாய் ஒருவன் மறித்தான். கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு அறைந்தும் அனுப்புவார்கள்.

"ஓடிறாதடி, சுட்டுருவான்," என்றார் நாத்தனார்.

"இந்தக் காலை வச்சிக்கிட்டு எங்க அண்ணி ஓடுறது?"

கூடையைத் திறந்தவன், முள்ளுருண்டைகளைப் பார்த்ததும் "ஊனி!" என்று கத்தினான். அங்கேயே குந்தி, கத்தியால் உடைத்து, உறிஞ்சி உறிஞ்சித் தின்றான். கன்னமெல்லாம் மஞ்சள். நடுவே, கையைக் குவித்து முங்கி எழுவதுபோல் காட்டி, "ஒக்காசான்," என்றான். அவர்கள் பாஷையில் அம்மா. அவன் அம்மா கடலில் முங்கி இதை எடுப்பவள் போலிருக்கிறது. மிச்சத்தைத் தன் தொப்பியில் வாரிக்கொண்டபோது அடியிலிருந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தான். போச்சு உப்பு என்று நினைத்தேன். அவனோ இலையை அதன்மேல் இழுத்து மூடி, போ என்று கையாட்டினான்.

அன்று எங்கள் லயத்தில் எல்லார் வீட்டுக் கிழங்கிலும் உப்பு இருந்தது. சயாம் மரண ரயில் வேலைக்கு எங்கள் ஆட்களைப் பிடித்துப் போன ஜப்பான்காரர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர்களை வைய வாயெடுக்கும்போதெல்லாம், கன்னத்தில் மஞ்சள் அப்பிய அந்த ஒரு முகம் எதிரே வந்து என்னைச் சிரிக்க வைத்துவிடுகிறது.