காதுமிஷின் வந்த வாரம்

எனக்குக் கல்யாணம் ஆகிப் பல வருஷம் கழித்துத்தான் என் வீட்டுக்காரரின் குரலை முதன்முதலாகச் சரியாகக் கேட்டேன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் காது மந்தமாகிவிட்டது. அவர் கத்திப் பேசுவார், நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

கோயமுத்தூர் டாக்டர் என் காதில் காதுமிஷினின் குமிழை வைத்து, ஒயரின் மறுமுனையில் இருந்த தீப்பெட்டி அளவு டப்பாவை என் ஜாக்கெட்டில் மாட்டினார். "சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டணும். தண்ணி, வேர்வை படக்கூடாது. கழட்டினா பேட்டரி செல்லை எடுத்துடணும். தையல் மிஷின் ஓடுற இடத்துல இதை மாட்டவே கூடாது" என்றார். நான் பனியன் கம்பெனியில் தைக்கிறவள் என்பது அவருக்குத் தெரியும்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று நறநறவென்று ஒரு சத்தம்.

"ஏனுங்க, பஸ்ஸு ஒடையுதுங்களா?"

"இல்ல புள்ள, நான் கடலை திங்கறேன்."

ஆறடி ஆள், மீசை வேறு. குரலோ பத்து வயதுப் பிள்ளையின் குரல் மாதிரிக் கீச்சென்று இருந்தது! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "எதுக்குச் சிரிக்கறே?" என்று அவர் கேட்கக் கேட்க இன்னும் அதிகமானது. அவிநாசி வந்தும் அடங்கவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, காரணம் தெரியாமலே அவரும் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில் டாக்டர் சொன்னதை மறந்தே போய்விட்டேன். வீட்டுக்கு வந்ததும் குனிந்து முகத்தில் தண்ணீரை வாரி அடித்தேன். டப்பா நனைந்தது. உலகமே பழையபடி மூடிக்கொண்டது.

அழுதுகொண்டே அடுப்புக்கு ஓடினேன், காயவைக்க. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் உதட்டைப் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னார்: "சூட்டுல வெச்சா உருகிப் போயிரும் கண்ணு." செல்லை எடுத்தார், வெட்டுத் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தார், நிழலில் அலமாரிமேல் வைத்தார். அன்று ராத்திரி முழுக்க அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை செல்லைப் போட்டு, டப்பாவில் சத்தத்தைக் கூட்டும் திருகாணியை அடியிலிருந்து மெல்லத் திருப்பினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கொர்ரென்று ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து பக்கத்து வீட்டுக் கோழி! சந்தோஷத்தில் அந்தக் கோழிக்கு நான் அள்ளி அள்ளிப் போட்ட அரிசியைப் பார்த்து என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வேர்வை படாமலிருக்க பனியன் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, கழுத்தில் மாலைபோலத் தொங்கவிட்டு, சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். தையல் மிஷின் ஓடும்வரை அதைக் கழட்டி, செல்லை எடுத்து, ஒரு தகர டப்பிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் மாட்டினேன். கூட வேலை செய்யும் அக்காமார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேச, எனக்குத் தலை சுற்றியது.

"ஒருத்தர் ஒருத்தராப் பேசுங்கக்கா!"

 மூத்த அக்கா ஒருத்தி முகம் வெளுத்துக் கேட்டாள்: "இத்தன நாளா உன்ற பக்கத்துல உக்காந்துட்டு ஊர்க்கதையெல்லாம் பேசினமே, ஏதாச்சும் காதுல உளுந்துச்சா?"

"ஒண்ணுமே உளுவலீங்கக்கா" என்றேன். திருகாணியை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்தேன். "அதனால மொதல்ல இருந்து சொல்லுங்க."