பவுனு யாரைப் பார்த்துச் சிரித்தாள்

நான் ஒரு பொய்யை ஒட்டினேன். பிளேடால் வெட்டி, பசை தடவி, இரண்டு விரலால் அழுத்தி ஒட்டினேன். அந்தப் பொய்யால் ஒருத்தி புருஷன் வீட்டை விட்டு இறங்கிப் போனாள். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், திறந்து வேறு ஒன்றைச் சொன்னேன்!

பெரம்பலூரில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். டூரிங் கொட்டகையில் தரை கூட்டி, பிறகு மிஷின் ஓட்டி, பிறகு கல்யாணப் போட்டோ எடுத்து, திருச்சியில் ஒரு பழைய பதினாறு எம்.எம். கேமராவைச் சொந்தமாக வாங்கியவன். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கமா, ஏலாக்குறிச்சி மாதா திருவிழாவா, உள்ளதை உள்ளபடி படம் பிடிக்க எழுபதுகளில் ஆள் அனுப்பியது என்னைத் தேடித்தான். மெட்ராஸில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஃபிலிமை வெட்டி ஒட்டுகிற என் ஒட்டு மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்று பார்த்திருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை என்ன செய்தது என்பதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

ஒட்டும் வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொட்டகையில் ஒரு நாள் ஃபிலிம் அறுந்தது. அவசரத்தில் துண்டை இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். அழுகிற தாயின் முகத்துக்கு அடுத்து ஒரு சாப்பாட்டு இலை வந்தது. கொட்டகை முழுவதும், "ஐயோ பாவம், பசியில அழுவுறா" என்று உச்சுக்கொட்டியது. அவள் அழுதது மகன் செத்ததற்கு! அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு முகத்தை அடுத்தடுத்து வைத்தால் போதும், அவை ஒன்றையொன்று பார்க்க ஆரம்பித்துவிடும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பாடாலூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அங்கே வெங்காயக் காட்டில் கிணறு வெட்டுவதைப் படமெடுத்துத் தரச் சொல்லி ஒரு பம்புசெட் கம்பெனி கேட்டது. எழுபதுகளின் தொடக்கம் அது. யாரையும் நடிக்கச் சொல்லக் கூடாது என்பது என் சட்டம். முதல் இரண்டு நாள் ஃபிலிம் போடாமலே கேமராவைத் தோளில் வைத்துச் சுற்றுவேன். வெறிக்கிற ஜனங்களுக்குச் சலித்துப் போகும். அப்புறம்தான் ஃபிலிம் மாட்டுவேன். தூரத்தில் நின்று இடத்தைக் காட்டு, நெருங்கிக் கையைக் காட்டு, கடைசியில் முகத்தைக் காட்டு... இவ்வளவுதான் என் டாக்குமெண்டரிப் படிப்பு.

கல் கூடை தூக்கியவர்களில் பவுனு என்று ஒருத்தி. புருஷன் தங்கராசுக்கு அரியலூர்ச் சுரங்கத்தில் வேலை. ஞாயிறுக்கு ஞாயிறு வருவான். நாலு வயது மகள் மலர் அவள் காலைச் சுற்றியே கிடப்பாள். திங்கட்கிழமை காலையில் பவுனு சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். நான் கழற்றி வைத்திருந்த தொப்பியை மலர் எடுத்து மாட்டிக்கொண்டு, கண் மறைந்து, தட்டுத் தடுமாறி என் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மாவை நோக்கி ஓடினாள். பவுனு சிரித்தாள்... அப்படி ஒரு சிரிப்பை என் கேமரா அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பாறை உடைக்க ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கம்ப்ரசர்க்காரன் சேவியர் வந்தது வியாழக்கிழமை. அதற்கு முன்பே பவுனு வெங்காயம் பிடுங்கப் போய்விட்டாள். இருவரும் ஒரே நாளில் அந்தக் கிணற்று மேட்டில் நின்றதே இல்லை. இது எனக்குத் தெரியும். என் நோட்டில் நாள் வாரியாக எழுதியும் இருந்தது.

ஒட்டு மேஜையில் உட்கார்ந்தேன். சேவியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கிற துண்டு ஒன்று. அதற்கடுத்து எதை வைக்கலாம்? பவுனுவின் சிரிப்பை வைத்தேன். குழந்தை ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொள்கிற வால்பகுதி நீளமாக இருந்தது. வெட்டி எடுத்தேன். மறுபடி சேவியர். படத்துக்கு உயிர் வந்துவிட்டது! எவ்வளவு அழகு என்று தொடையைத் தட்டிக்கொண்டேன். கெட்ட எண்ணம் எனக்கு இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே ஒரு குடியைக் கெடுக்க முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஊரில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டோம். சத்தமில்லாத படம். விளக்கம் நானே மைக்கில் பேசுவேன். "இதில் ஒரு துளி நடிப்பு இல்லை, நடந்தது நடந்தபடி!" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் அவரவர் முகத்தைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். திரையில் சேவியர் வந்தான். பவுனு சிரித்தாள். சேவியர் வந்தான்.

விசில் பறந்தது. "யேய், பவுனு சிரிக்கிறதப் பாருடா! நம்மளப் பாத்து ஒரு நாளு சிரிச்சிருக்குமா?"

"அதுக்கெல்லாம் கம்ப்ரசர் வச்சிருக்கணும்டா மாப்ள!"

படம் முடிந்ததும் தங்கராசு என்னிடம் வந்தான். என் பக்கத்தில் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அடுத்த படமும் உனக்குத்தான் என்று அப்போதுதான் சொல்லி வாய் மூடியிருந்தார்.

"சார், ஒன்னே ஒன்னு கேக்குறேன். கோச்சுக்காதீங்க. இவ அவனப் பாத்தா சிரிச்சா?"

நாலடி தள்ளிப் பவுனு நின்றாள். மடியில் தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். என்னையே பார்த்தாள். இவருக்குத் தெரியும், இவர் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கை அந்தக் கண்ணில் இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'இல்லப்பா, அது வேற நாள், இது வேற நாள், நான்தான் ஒட்டினேன்.' பத்து வார்த்தைகூட இல்லை! ஆனால் அதைச் சொன்னால், இப்போதுதான் மைக்கில் முழங்கியது என்ன ஆவது? மேனேஜர் என்ன நினைப்பார்?

"நான் எடுக்குற படத்துல பொய் இருக்காது தம்பி. நடந்ததத்தான் புடிச்சேன்" என்றேன்.

தங்கராசு தலையாட்டிவிட்டுப் போனான். பவுனு மட்டும் அந்த இடத்திலேயே நின்றாள்.

பத்து நாள் கழித்து என் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அரும்பாவூரில் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, நான் எம்புள்ளயப் பாத்துத்தான் சிரிச்சேன். ஒங்க தொப்பியத்தான் போட்டுக்கிட்டு வந்துச்சு. ஒங்களுக்குத் தெரியும்லண்ணே? நான் சொன்னா அவரு நம்ப மாட்டேங்குறாரு. படமே சொல்லுதேங்குறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்கண்ணே."

"ஞாயித்துக்கெழம வரேம்மா" என்றேன்.

அந்த ஞாயிறு நான் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. வெட்டியெடுத்த வால்பகுதி, குழந்தை தொப்பியோடு ஓடி வருகிற துண்டு, என் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. அதை எடுத்துப் போய் தங்கராசு கையில் கொடுத்து வெளிச்சத்தில் காட்டியிருந்தால் போதும்! நான் செய்தது என்ன தெரியுமா? அதை ஒரு தகர டப்பாவில் சுருட்டி வைத்து, நோட்டில் அந்த வாரத்துப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், கையில் கல்யாணப் பத்திரிகையோடு ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். மலர் என்றாள்.

"அம்மா தவறிப் போயி ரெண்டு வருசம் ஆச்சுங்கய்யா. ஒரு போட்டோகூட கெடையாது. கெணறு வெட்டுறப்ப நீங்க படம் புடிச்சீங்கன்னு அம்மா சொல்லும். அதுல ஒரு துண்டு கெடைச்சாக்கூட போதும், கண்ணாடி போட்டு மணமேடைல வச்சுக்குவேன்."

"அப்பா வர்றாராம்மா?" என்று ஏன் கேட்டேன்!

"வரமாட்டேன்னுட்டாருங்க. அம்மா மேல உள்ள கோவம் இன்னும் போவல."

டப்பா அவள் தலைக்கு மேலே இருந்த பலகையில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். அதைக் கொடுத்தால் அவளுக்குத் தாயின் முகம் கிடைக்கும். தகப்பனுக்கு உண்மை கிடைக்கும். எனக்கு...? பெரம்பலூரே பேரைச் சொல்லும் எனக்கு என்ன கிடைக்கும்?

"எல்லாம் பூசணம் புடிச்சு வீணாப் போச்சும்மா" என்றேன்.

அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்!

இத்தனை வருஷம் கழித்து நேற்றுத்தான் அந்த டப்பாவைத் திறந்தேன். கெட்டுப்போன ஃபிலிமின் புளித்த காடி வாடை அடித்தது. சுருள் விறைத்துப் போயிருந்தது, பிரித்த இடத்தில் ஒடிந்தது. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பவுனுவின் முகத்தில் பாதி உரிந்து போயிருக்கிறது. அந்தத் தொப்பியும் முழங்காலைக் கட்டிய இரண்டு சின்னக் கைகளும் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

மலர் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பத்திரிகையில் இருந்திருக்கும். அதையும் அன்றே எங்கோ போட்டுவிட்டேன்.

டப்பாவை மூடி, பழைய பலகையிலேயே வைத்திருக்கிறேன்.