ரத்தத்தின் மேல் விழுந்த பழி

குழந்தைத் துணி தைப்பதில் அந்தத் தெருத் தையல்கடையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அவள் வயிற்றில் உண்டான மூன்றுமே ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவதும் போன பிறகு மாமியார் அவளை “முழுங்கி” என்றே கூப்பிட ஆரம்பித்தாள். கணவன் காதில் விழாதவன் மாதிரி இருந்துகொள்வான்.

அக்காதான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். லேப்காரப் பெண் நீல மூடிபோட்ட குழாயில் ரத்தம் எடுத்து, குலுக்காமல், மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினாள். சோதனையில் கோளாறு தெரிந்தது. ஆனால் ஒருமுறை பார்த்ததை வைத்து உறுதி சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த மூன்று மாதமும் வீட்டில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் முறை தனியாகவே போய்க் கையை நீட்டினாள். அதே முடிவுதான் வந்தது.

“உடம்பைக் காப்பாத்த வேண்டிய சக்தியே உங்க ரத்தத்தை உறைய வைக்குதும்மா. கொழந்தைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிச்சு. உங்க தப்பு ஒண்ணுமில்ல,” என்றார் டாக்டர். அடுத்த முறை தொடக்கத்திலிருந்தே தினமும் ஊசி போட்டுக்கொண்டால் பிள்ளை தங்க நல்ல வாய்ப்பு இருக்கிறதாம்.

நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மாமியார் மகனைப் பார்த்தாள். “கேட்டியா? அவ ரத்தம்தான் கொன்னுச்சாம். டாக்டரே சொல்லிட்டாரு.”

கணவன் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. “ஊசியெல்லாம் எதுக்கு? விட்டுடு,” என்றான். எதை விடச் சொன்னான் என்பது வக்கீல் விவாகரத்துக் காகிதத்தோடு வந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு, அதே கடையில் தைத்தாள். இரண்டு வருடம் கழித்து மாமியார் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். அவனுடைய புதிய மனைவி பெற்ற பிள்ளை. இவளைப் போல யாருக்கும் சட்டைக்குக் கழுத்து வெட்டத் தெரியாதாம்.

அவள் டேப்பை எடுத்தாள்.

“கொழந்தையத் தொடாத,” என்றாள் மாமியார். பழைய சட்டை ஒன்றை மேஜையில் போட்டாள். “இதுல அளவெடு. ஒரு விரக்கட பெருசா வை.”

கடைக்காரம்மா இவள் முகத்தைப் பார்த்து, வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்றாள். இவள் கேட்கவில்லை. அளவெடுத்தாள், வெட்டினாள், தைத்துக் கொடுத்தாள்.

சட்டை அச்சாகப் பொருந்தியதாம். அடுத்த வாரமே மாமியார் இன்னும் இரண்டு துணி கொண்டுவந்தாள்.