படகில் பாதி விஜயா டீச்சருடையது

செவ்வாய்க்கிழமை காலை, முதல் பீரியட் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், விஜயா அக்காவின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. “என்னக்கா, பஸ்ஸை விட்டுட்டீங்களா?” என்று எடுத்தவுடன் கேட்டேன். பேசியது அவர் கணவர் சுந்தரம் சார். இரவு தூங்கப் போனவர் காலையில் எழுந்திருக்கவில்லை, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்றார். போனை வைக்கும் முன் அவர் சொன்னார்: “ஏம்மா ஹேமா, நீயும் அவகூட ஞாயித்துக்கிழமை யோகா போறியே, அந்த மாஸ்டருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடும்மா.”

“சொல்லிடறேன் சார்” என்றேன். சொல்வதற்கு அப்படி ஒரு மாஸ்டர் கிடையாது. யோகா வகுப்பும் கிடையாது. ஒன்றரை வருடமாக நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டிக்கொண்டிருந்தோம். படகு எங்கள் சொந்தப் படகு. பாதி என்னுடையது, பாதி விஜயா அக்காவுடையது. அவர் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அவருடைய பாதி இனி சுந்தரம் சாருடையது. அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாளே படகை விற்கச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அக்கா போன அன்றைக்கே எனக்கு இந்தப் பயம் வந்தது என்பதை வெட்கப்பட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

தாம்பரத்தில் நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவர் புவியியல் டீச்சர், டைம்டேபிள் போடுகிறவர், அதட்டிப் பேசாதவர், அதிகம் சிரிக்காதவர். “ஒருத்தராவது முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாதான் டைம்டேபிள் சரியா போட்டிருக்கேன்னு அர்த்தம்” என்று அவர் சொன்னதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நானும் முதல் இருபது வருடங்கள் அவரை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், வீட்டுக்கு ஒரு பழைய கட்டில் வாங்கலாம் என்று மதிய இடைவேளையில் போனில் தேடிக்கொண்டிருந்தேன். கட்டில்களுக்கு நடுவே ஒரு படகு வந்தது. நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர் வெளிநாட்டுக்குக் குடிபோகிறாராம், ஃபைபர் படகு, இரண்டு பேர் உட்காரலாம், பாய், பாய்மரம், டிரெய்லர் எல்லாம் சேர்த்து விற்கிறார். வேடிக்கைக்காக அக்காவிடம் காட்டினேன். அவர் தயிர்சாத டப்பாவை மூடிவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“சாயங்காலம் போய்ப் பாக்கலாமா?” என்றார்.

“எதுக்குக்கா?”

“முப்பது வருஷமா போர்டுல அம்புக்குறி போட்டு காத்து வரைஞ்சுட்டிருக்கேன் ஹேமா. ஒரு தடவையாவது அதுல போய் உக்காரணும்.”

அந்த வாரக் கடைசியில் நாங்கள் படகுக்காரர்கள் ஆகிவிட்டோம். விற்றவருக்கே நம்பிக்கை இல்லை. சாவியைக் கொடுக்கப் பாக்கெட்டில் கை விட்டுவிட்டு, படகுக்குச் சாவி கிடையாது என்று நினைவு வந்து, கையை எடுத்து வணக்கம் சொன்னார். அக்கா பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் படகைத் தட்டிக் கொடுத்தார்.

மேடவாக்கத்தில் என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் படகை வைத்துத் தேய்த்துக் கழுவினோம். உள்ளே ஒற்றைக் காலுறை, பல் உடைந்த சீப்பு, காய்ந்துபோன குளவிக்கூடு எல்லாம் இருந்தன. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தேங்காய் நாரும் சோப்புமாக உள்ளே இறங்கிவிட்டார். டிரெய்லரின் மூக்கு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் தண்ணீர் லாரி உள்ளே திரும்ப முடியாமல் ஹாரன் அடித்தது. எங்கள் பிளாக்கில் யாரும் குளிக்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஈரத் துண்டோடு, சரியாகச் சொன்னால் ஈரமில்லாத துண்டோடு, கீழே வந்து நின்றார். அக்கா சோப்புக் கையோடு இறங்கிப் போய், “இன்னும் கொஞ்சம் வலது, போதும், நேரா வாங்க” என்று பள்ளிப் பேருந்துக்குக் கை காட்டுவது போலக் காட்டி, லாரியை ஒரே முயற்சியில் உள்ளே கொண்டுவந்தார். செயலாளர் திட்ட வந்ததை மறந்துவிட்டு, இது எங்கே போய் வாங்கினது என்று விசாரித்தார்.

பயிற்சி எல்லாம் உங்கள் மூக்குக்கு முன்னால்தான் நடந்தது. ஆண்டு விழாக் கூட்டத்தில் மேஜைக்கடியில் ஒரு கயிறு விழுந்ததே, விடைத்தாள் கட்டுகிற கயிறு என்று நினைத்து யாரோ எடுத்துக் கொடுத்தீர்கள். அக்கா முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். மீதியை வீடியோ பார்த்தும், ஏழுமலை அண்ணனிடம் கேட்டும் கற்றோம். ஏழுமலை அண்ணன் முட்டுக்காட்டில் நண்டும் இறாலும் பிடிப்பவர். அவர் வீட்டுப் பின்பக்கம் கழிமுகத்தைப் பார்த்திருக்கும். படகை அங்கேதான் வைத்தோம்.

முதல்முறை தண்ணீரில் இறக்கும் நாளில் பூஜை போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது நான். பேருக்குத்தான் இயற்பியல் டீச்சர். ஸ்கூட்டருக்கே எலுமிச்சம்பழம் நசுக்குகிற ஊரில் படகுக்குச் செய்யாமல் விடுவதா என்று டிரெய்லர் சக்கரத்துக்கடியில் பழம் வைத்தேன். படகின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதோடு விட்டேனா? எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிறு ஒன்றைப் பாயின் உச்சி முனையில் கட்டினேன். உயரத்தில்தானே ஊர்க்கண் முதலில் படும்.

“அங்க வேணாமே ஹேமா, கயிறு ஓடுற கப்பியில மாட்டிக்கப் போவுது” என்றார் அக்கா.

“மாட்டாதுக்கா” என்றேன், வகுப்பில் சொல்கிற குரலில்.

பாயை ஏற்றினோம். காற்று அதில் வந்து விழுந்ததும் படகு தானாக நகர்ந்தது. மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை, ஒரு சத்தமும் இல்லை. “போவுதுக்கா” என்றேன். “போவுது” என்றார் அவரும். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நன்றாகவே போனோம். அப்புறம்தான் எதிரே கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்தேன். எங்கள் பாய்மரம் அதற்கடியில் நுழையாது.

“எறக்கு” என்றார் அக்கா. கயிற்றை இழுத்தேன். பாய் இறங்கவில்லை. உச்சியில் திருஷ்டிக் கயிறு கப்பிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. நான் தொங்கிப் பார்த்தேன். மிளகாய் அசையவில்லை. கரையிலிருந்து ஏழுமலை அண்ணன், “இன்னாம்மா, எங்க போய்கினு கீறீங்க? பாலம் கீது பாருங்க” என்று கத்தினார். பாலத்தின் மேல் பைக்குகளை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பாலத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தேன். அக்கா இரண்டையும் பார்க்கவில்லை. சுக்கானைக் கெட்டியாகப் பிடித்துப் படகைத் தென்கரைச் சேற்றைப் பார்த்துத் திருப்பினார். “ஹேமா, எதையாவது பிடிச்சுக்கோ” என்றார், பீரியட் மாறிவிட்டது என்று சொல்வது போல.

படகு சேற்றில் ஏறி நின்றது. நான் பறந்து போய் முகப்பில் விழுந்தேன். எழுந்தபோது சந்தனமும் குங்குமமும் என் சட்டையில் இருந்தன. முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்ற அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் தேடி, கிடைக்காமல் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தார். இருபது வருடத்தில் அவர் பற்களை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏழுமலை அண்ணன் வந்து படகைச் சாய்த்துக் கத்தி முனையால் கப்பியைச் சுரண்டினார். “மொளகா நல்ல காரம்மா, கண்ணு எரியுது. எங்க வாங்கினீங்க?” என்று கேட்டார். “வித்துடலாம்கா” என்றேன்.

“அதான் மொளகாயை எடுத்தாச்சே” என்றார் அக்கா. “இன்னொரு தடவை போலாம் வா.”

அந்த வீடியோ நம் ஸ்டாஃப் குரூப்பிலும் வந்தது. தொப்பி போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா’ என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். யாரென்று சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே முதலில் கைதட்டும் படம் போட்டது விஜயா அக்கா. இப்போது தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஞாயிறு, நல்ல கோடைக்காலம். பத்து மணிக்கு மேல் காற்று செத்துவிட்டது. பாய் தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே கையால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தேன். “காத்துகிட்ட கோவிச்சு என்ன ஆவப்போவுது, நாமதான் உக்கார்ற இடத்தை மாத்திக்கணும்” என்று சொல்லி, அக்கா எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து பையிலிருந்து முறுக்கை எடுத்தார். “கொஞ்சம் இரு. இது எட்டாம் வகுப்புப் பாடம். நிலம் சூடாயிடுச்சு. இனிமே கடல்லேர்ந்து வரணும்.”

முறுக்கு தீர்ந்தது. காற்று வரவில்லை. நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் கறுத்தது. அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடி வந்தது. முகத்தில் ஈரமாகக் காற்று அடித்தது, பாய் படாரென்று விரிந்தது. அக்கா படகில் எழுந்தே நின்றுவிட்டார். உட்காருங்கள் என்று நான் புடவையைப் பிடித்து இழுக்கிறேன், அவர் காதில் விழவில்லை.

“வந்துடுச்சு ஹேமா. நெஜமாவே வருது. இத்தனை வருஷமா பசங்களுக்குப் பொய் சொல்லிக் குடுக்கல நான்.”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மறுநாள் எட்டாம் வகுப்பில் அவர் நிலக்காற்று கடற்காற்று நடத்திய சத்தத்தில், பக்கத்து அறையில் என் வகுப்பு முழுவதும் அங்கேதான் காது வைத்திருந்தது.

சுந்தரம் சாரிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “சொன்னா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டார்” என்பார். அது உண்மைதான். தாம்பரத்தில் மின்சார ரயில் கூட்டமாக வந்தால் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறச் சொல்கிற மனிதர் அவர். அக்கறையில்தான் சொல்வார். அக்காவும் அதற்காகத்தான் மூன்றாவதில் ஏறிக்கொண்டிருந்தார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, கீழ்க்கட்டளை வீட்டில் வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, சார் அலமாரிக்குப் பின்னாலிருந்து யோகா விரிப்பை எடுத்து வந்தார். “இதை அந்த கிளாஸ்லயே யாருக்காவது குடுத்துடும்மா” என்று நீட்டினார். நீட்டும்போது அது விரிந்துகொண்டது. படகில் முழங்கால் ஊன்றுவதற்கு நாங்கள் போட்டுக்கொண்ட விரிப்பு அது. அதன் அடிப்பக்கம் முழுவதும் காய்ந்த சேறு. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“யோகாவுல ஏம்மா சேறு?”

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, “யோகா இல்ல சார்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், மிளகாய், கடற்காற்று, பாதிப் படகு எல்லாம். நான் முடித்ததும், “என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார்.

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?”

விரிப்பை மறுபடி சுருட்ட ஆரம்பித்தார். “விட்டிருக்க மாட்டேன்” என்றார். பிறகு, “பயப்படுவாளா அங்க?”

“இல்ல சார். நான்தான் பயப்படுவேன். சார், பாதி உங்களுது. விக்கணும்னா...” நான் முடிப்பதற்குள் அவர் எழுந்து விரிப்போடு உள்ளே போய்விட்டார். படகு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மேடவாக்கம் கூட்டுச் சாலையில் வண்டி நின்ற நேரமெல்லாம் அழுதேன். அக்காவுக்காகவா படகுக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை மாலை, சார் போன் செய்தார். “நாளைக்கு எத்தனை மணிக்கும்மா கிளம்பணும்?”

ஏழுமலை அண்ணன் வீட்டுப் பின்பக்கம் அவர் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அக்கா எந்தப் பக்கம் உட்காருவார் என்று கேட்டார். ஒரே பக்கம் என்று கிடையாது, காற்று மாறினால் மாறி உட்காருவார் என்றேன். தலையாட்டினார். ஏறுகிறேன் என்று அவராகத்தான் சொன்னார். அக்காவின் லைஃப் ஜாக்கெட்டை எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். அதை அவருக்கு மாட்டிவிட்டேன். மார்பில் இறுக்கிப் பிடித்தது. வாரைத் தளர்த்தக் கையைக் கொண்டுபோனபோது என் கையைத் தடுத்துவிட்டார்.

“வேணாம்மா. அவ வெச்ச அளவுலயே இருக்கட்டும்.”

“மூச்சு முட்டும் சார்.”

“பரவால்ல.”

படகைத் தள்ளினோம். நடுவில் போனதும் அவர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “வேகமா போவுமா இது?” என்று கேட்டார். போகும் என்றேன். “போ” என்றார்.

இதையெல்லாம் அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஜாக்கெட் அவரிடம் இருக்கிறது, விரிப்பும் அவரிடம்தான். அக்காவிடமிருந்து எனக்கு என்று இருப்பவை ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். அவற்றிலும் பாதி இனி சாருடையது.